அந்த உதவி எண்ணை மீண்டும் வையுங்கள்: ஓர் இணைய விற்பனைத் தளத்தின் நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

நிர்வாக இயக்குநருக்கும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும்,

சென்ற மாதம் உங்கள் தளத்தின் உதவிப் பக்கத்திலிருந்து தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டீர்கள். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. பல ஆண்டுகளாகப் பக்கத்தின் அடியில் இருந்த எண் ஒரு நாள் மறைந்தது; அந்த இடத்தில் தானாகப் பதில் சொல்லும் உரையாடல் பெட்டி வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து மூன்றாவது வாரம் என் அம்மா தம்முடைய நான்கு மாத ஓய்வூதியத்தைப் பறிகொடுத்தார். இந்த இரண்டுக்கும் தொடர்பில்லை என்று உங்கள் சேவைப் பிரிவு எனக்கு எழுதியிருக்கிறது. தொடர்பு இருக்கிறது என்று காட்டவே இந்த மடல்.

உங்கள் தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தப் பழக்கம் உங்களிடம் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மற்ற தளங்களை நடத்துகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும். எங்கள் புகார் உங்கள் கோப்பில் இருக்கிறது. எந்தப் புகார் என்பது உங்களுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை உங்களிடம் வாங்கினார். பிரித்துப் பார்த்தால், கையில் சுற்றும் பட்டையிலிருந்து காற்று கசிந்தது. ஏழு நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்று எழுதியிருந்தீர்கள். மூன்றாம் நாளே முயன்றார். உரையாடல் பெட்டி அவர் முன் நான்கு விருப்பங்களை வைத்தது. பொருள் வரவில்லையா, தாமதமா, முகவரியை மாற்ற வேண்டுமா, பணம் செலுத்துவதில் சிக்கலா. வந்த பொருள் பழுது என்று சொல்ல அங்கே இடமே இல்லை. தட்டச்சு செய்து பார்த்தார். ‘மன்னிக்கவும், புரியவில்லை’ என்று பதில் வந்து, அதே நான்கு விருப்பங்கள் மீண்டும் வந்தன. இரண்டு நாட்கள் அப்படியே போயின.

ஐந்தாம் நாள், தம் நோட்டில் குறித்து வைத்திருந்த உங்கள் பழைய எண்ணை அழைத்தார். இந்தச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது, செயலியைப் பயன்படுத்துங்கள் என்று பதிவுக்குரல் சொன்னது. இன்னும் இரண்டு நாள்தான் மிச்சம். உங்கள் தளத்தின் பெயரையும் ‘உதவி எண்’ என்பதையும் சேர்த்துத் தேடுபொறியில் தேடினார். முதலில் வந்த முடிவில் உங்கள் சின்னம் இருந்தது, ஓர் எண்ணும் இருந்தது. அது யாரோ பணம் கொடுத்து வைத்த விளம்பரம் என்பதை மிகச் சிறிய எழுத்து சொன்னது. அம்மாவின் கண்ணுக்கு அது படவில்லை.

எதிர்முனையில் ஒருவன் உடனே எடுத்தான். பணிவாகப் பேசினான். என்ன பொருள், என்ன குறை என்று பொறுமையாகக் கேட்டான். இரண்டு நாட்களாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவருக்கு அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பணத்தைத் திருப்பி அனுப்ப ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொன்னான். கைபேசித் திரையை வேறொருவர் பார்க்க வழி செய்யும் செயலி அது. அதன்பின், சரிபார்ப்புக்கு என்று சொல்லி அட்டை விவரத்தை உள்ளிடச் சொன்னான். வங்கியிலிருந்து குறுஞ்செய்தியாக வந்த ஓடிபியை அம்மா அவனிடம் வாய் திறந்து சொல்லவே இல்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை; திரையில் அவனே படித்துக்கொண்டான். பதினோரு நிமிடத்தில் மூன்று தடவையாகப் பணம் போனது.

அரை மணி நேரத்துக்குள் வங்கியை அழைத்து அட்டையை முடக்கினோம். ஓடிபி சரியாகப் பதிவாகியிருப்பதால் இது வாடிக்கையாளர் அனுமதித்த பரிமாற்றம் என்று வங்கி சொல்லிவிட்டது. அந்த வழக்கைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறோம். உங்களிடம் பேச வேண்டியது வேறு.

நாங்கள் புகார் எழுதியபோது உங்களிடமிருந்து வந்த பதில் ஐந்து வரி. தகவல்களை மூன்றாம் நபரிடம் பகிர்ந்ததற்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்பது மூன்றாம் வரி. ‘இணையத்தில் பாதுகாப்பாகப் பொருள் வாங்குவது எப்படி’ என்ற எங்கள் வழிகாட்டியைப் படித்துப் பயன்பெறுங்கள் என்பது ஐந்தாம் வரி.

என் அம்மா அந்த வழிகாட்டியைப் படித்தவர். படித்தது மட்டும் இல்லை, கோடு போட்ட நோட்டில் அதைக் கையால் எழுதி வைத்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவர். எதையும் எழுதினால்தான் மனத்தில் நிற்கும் என்பது அவர் வழக்கம். முதல் பக்கத்தில் உங்கள் அறிவுரைகள், அடுத்த பக்கங்களில் ஒவ்வொரு ஆர்டரின் எண், தேதி, விற்பனையாளர் பெயர், வந்த நாள். பணம் போன இரவு அந்த நோட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். “இதில் எதை நான் மீறினேன், சொல்” என்று கேட்டார். உங்கள் அறிவுரைகளில் ஒன்பதாவதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார். ‘சந்தேகம் எழுந்தால் எங்கள் உதவி எண்ணை அழையுங்கள்.’ அதன் கீழே நீங்கள் இப்போது எடுத்துவிட்ட அந்த எண்.

உங்கள் வழிகாட்டியில் ஒன்பதாவது அறிவுரை இந்த மடலை எழுதும் நாளிலும் இருக்கிறது. எண்தான் இல்லை.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு உங்கள் அறிவுரைகளை ஒவ்வொன்றாக உங்கள் தளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்களை எதில் கவனமாக இருக்கச் சொல்கிறீர்களோ, பல இடங்களில் அதற்கான வழியை நீங்களே அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் அந்தத் தளம் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிறீர்கள். இது பழைய செய்தி. இன்று ஆபத்தான செய்தியும்கூட. கடன் அட்டை எண்ணை வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து அனுப்பி இணையத்தில் பொருள் வாங்கியது முதன்முதலாகச் செய்தியானது 1994 ஆகஸ்டில், ஓர் இசைக் குறுந்தகட்டுக்காக. அந்தக் காலத்தில் மறையாக்கம் அரிதாக இருந்தது. பூட்டைப் பார்த்து நம்பியதில் ஓரளவு நியாயம் இருந்தது. இப்போது அதற்கான சான்றிதழை யாரும் சில நிமிடங்களில் இலவசமாகப் பெறலாம், மோசடிக்காரனும் பெறுகிறான். நாம் அனுப்பும் விவரத்தை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே பூட்டு சொல்கிறது. வழியின் முடிவில் இருப்பவன் திருடனா இல்லையா என்பதை அது சொல்வதில்லை. மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்காகவே கூகுள் 2023 செப்டம்பரில் தன் குரோம் உலாவியிலிருந்து பூட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது. உங்கள் வழிகாட்டி இன்னும் பூட்டைப் பார்க்கச் சொல்கிறது.

பார்க்க வேண்டியது முகவரியை. டாட் காம் போன்ற முடிவுக்கு உடனே முன்னால் ஒட்டி நிற்கும் சொல்தான் ஒரு தளத்தின் உண்மைப் பெயர். அதற்கு இடப்பக்கம் புள்ளி வைத்து எந்த நிறுவனத்தின் பெயரையும் எவரும் எழுதிக்கொள்ளலாம். அம்மாவுக்கு இதை நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால், நீங்கள் வாரந்தோறும் அனுப்பும் சலுகைக் குறுஞ்செய்திகளில் வருவது என்ன? எழுத்தும் எண்ணும் கலந்த, உங்கள் பெயரே இல்லாத, சுருக்கப்பட்ட இணைப்புகள். அந்த ஒரு மாதத்தில் அம்மாவின் கைபேசிக்கு நீங்கள் அனுப்பியவற்றை எண்ணினேன். பதினான்கு செய்திகள், நான்கு வெவ்வேறு முகவரிகள். தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று வழிகாட்டியில் எழுதிவிட்டு, தெரியாத இணைப்பைத் தொடவும் நீங்களே பழக்குகிறீர்கள். மோசடிக்காரனின் செய்தியும் உங்கள் செய்தியும் ஒரே முகத்தோடு வந்தால், அறுபத்தெட்டு வயதுக்காரர் எப்படிப் பிரித்தறிவார்? எனக்கே தெரியவில்லை.

விமர்சனங்களைப் படித்து வாங்குங்கள் என்கிறீர்கள். படித்தார். அந்தக் கருவிக்கு நான்கரை நட்சத்திரம், ஆயிரக்கணக்கான விமர்சனங்கள். பின்னால் நான் உட்கார்ந்து பழைய விமர்சனங்கள் வரை போய்ப் பார்த்தேன். ‘நிறம் நன்றாக இருக்கிறது, என் போனுக்குச் சரியாகப் பொருந்துகிறது’ என்று ஒருவர். ‘விளிம்பு சீக்கிரம் தேய்ந்துவிட்டது’ என்று இன்னொருவர். கைபேசி உறைக்கு வந்த விமர்சனங்கள் அவை. நன்றாக விற்ற பழைய பொருளின் பக்கத்திலேயே படத்தையும் பெயரையும் மாற்றி வேறு பொருளை ஏற்றிவிட்டால், பழைய நட்சத்திரங்கள் புதுப் பொருளுக்கு வந்துவிடுகின்றன. இதைச் செய்தவர் விற்பனையாளர். செய்ய இடம் கொடுத்தது உங்கள் மென்பொருள். கைபேசி உறையும் மருத்துவக் கருவியும் ஒரே பக்கத்தின் வாழ்நாளில் வர முடியாது என்பதைக் கண்டுபிடிப்பது, நான் கடைசியாகப் பார்த்த பொருளை ஊரிலுள்ள அத்தனை விளம்பரங்களிலும் பின்தொடர வைக்கத் தெரிந்த உங்களுக்குப் பெரிய வேலையாக இருக்காது.

நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குங்கள் என்பது இன்னொரு அறிவுரை. விற்பனையாளரின் பெயர் உங்கள் பக்கத்தில் சாம்பல் நிறச் சிறு எழுத்தில், மூன்று தடவை திரையைத் தள்ளிய பிறகு வருகிறது. அதைத் தொட்டால் அவர் எவ்வளவு நாளாக விற்கிறார் என்பது இல்லை, முகவரி இல்லை. விற்பவர் நீங்களா வேறொருவரா என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பழுது என்று வரும்போது மட்டும் “நாங்கள் இடைத்தரகர்தான், விற்றவரைக் கேளுங்கள்” என்ற வாசகம் பளிச்சென்று தெரிகிறது.

அவசரப்படாதீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் ஓடும் கடிகாரத்தை ஒரு மாலை முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சலுகை முடிய ஒன்பது நிமிடம் என்றது. முடிந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன். மறுபடி ஒன்பது நிமிடம். ‘இன்னும் இரண்டு மட்டுமே மிச்சம்’ என்ற வரி மூன்று நாட்கள் மாறவே இல்லை. இப்படி ஆளை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளுக்கு ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டன் வடிவமைப்பாளர் 2010-இல் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். பதினைந்து ஆண்டுகளாக ஊரறிந்த விஷயம். உங்கள் வடிவமைப்புப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

அட்டை விவரம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பணம் ஒப்புதலான பிறகு அட்டையின் பின்புறத்து மூன்று இலக்க எண்ணை எந்தக் கடையும் சேமித்து வைக்கக் கூடாது என்பது அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரவிதி. அதை நீங்கள் கடைப்பிடிக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். ஆனால், ‘என் அட்டையை அடுத்த முறைக்காக நினைவில் வை’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே நீங்களே குறியிட்டு வைத்திருக்கிறீர்களே, அது எதற்கு? கேட்டால் வைப்பது ஒன்று. கேட்காமலே வைத்துவிட்டு வேண்டாமென்றால் எடுத்துக்கொள் என்பது வேறு. உறுப்பினர் திட்டத்தில் சேர ஒரு தொடுதல் போதும். அதிலிருந்து வெளியேற அம்மாவுக்காக நான் ஏழு பக்கங்கள் கடந்தேன். அவற்றில் மூன்று, ‘உண்மையிலேயே போகிறீர்களா’ என்ற ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டன.

வாங்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பங்குக்கு, எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இப்போது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். செயலிக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். பணம் திருப்பித் தருகிறவருக்கு உங்கள் ஓடிபியும் தேவையில்லை, உங்கள் திரையும் தேவையில்லை. கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். தெரியாத கடைக்கு நேரடி வங்கிப் பரிமாற்றம் செய்யாதீர்கள். அட்டையில் செலுத்தினால் பொருள் வராதபோது முறையிட ஒரு வழியாவது இருக்கும். இணையத்துக்கென்று குறைந்த வரம்புள்ள தனி அட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கடவுச்சொல்லை இரண்டு தளங்களில் பயன்படுத்தாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். இவ்வளவையும் நாங்கள் செய்கிறோம், இன்னும் செய்வோம். இவற்றில் முதலாவதைப் பாருங்கள்: செயலிக்குள் இருக்கும் எண்ணை மட்டும் எடுங்கள். செயலிக்குள் எண்ணே இல்லாதபோது, இதை நான் யாரிடம் எப்படிச் சொல்வது?

தொலைபேசிச் சேவைக்குச் செலவாகும் என்பது உங்கள் தரப்பு. ஆகும். அழைப்பை எடுக்க ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும், பயிற்சி வேண்டும். ஆனால், நீங்கள் காலியாக விட்ட இடம் காலியாக இருக்கவில்லை. அங்கே மோசடிக்காரன் ஆளைப் போட்டிருக்கிறான். உடனே எடுக்கிறான், பொறுமையாகப் பேசுகிறான், உங்கள் பெயரைச் சொல்கிறான். உங்கள் பெயரில் விளம்பரம் வைத்து எண் கொடுப்பவர்களை நீங்கள் ஒரு நாளாவது தேடிப் பார்த்ததுண்டா? நான் ஒரு வாரம் தேடினேன். மூன்று எண்கள் கிடைத்தன. தேடுபொறி நிறுவனத்திடமும் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவிடமும் புகார் கொடுத்தேன். அந்த மூன்றையும் உங்களுக்கும் அனுப்பினேன். உரையாடல் பெட்டி நான்கு விருப்பங்களைக் காட்டியது.

நான் கேட்பது முடியாத காரியமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கூடுதல் கட்டணங்களுக்கு முன்கூட்டியே குறியிட்டு வைக்கும் வழக்கம் 2014 ஜூனிலிருந்தே செல்லாது. அங்கே இணையத்தில் வாங்கியவர் காரணம் சொல்லாமல் 14 நாட்களுக்குள் பின்வாங்கலாம். அங்கேயே 2022 மே மாதத்திலிருந்து, விலையைக் குறைத்ததாக அறிவிக்கும் கடை, முந்தைய 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். இந்திய அரசு 2023 நவம்பரில் போலி அவசரம், கூடையில் கேட்காத பொருளைச் சேர்ப்பது, வெளியேற முடியாத சந்தா என்று 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. அமெரிக்காவில் போலி விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2015-இல் திருத்தப்பட்ட ஐ.நா. நுகர்வோர் பாதுகாப்பு நெறிமுறைகள், மற்ற வணிகத்தில் கிடைக்கும் பாதுகாப்புக்குக் குறையாத பாதுகாப்பு மின்வணிகத்திலும் இருக்க வேண்டும் என்கின்றன. நேரில் ஒரு கடையில் பழுதான பொருளோடு போய் நின்றால், அங்கே ஒரு மனிதராவது இருப்பார். நான் கேட்பதும் அந்த அளவுதான்.

ஆகவே என் கோரிக்கைகள்.

உதவி எண்ணைப் பழைய இடத்திலேயே மீண்டும் வையுங்கள். செயலியிலும் தளத்திலும், உள்நுழையாமலே பார்க்கும்படி. மனிதர் எடுக்கட்டும். உரையாடல் பெட்டி இருக்கட்டும். அதில் ‘ஒருவரிடம் பேச வேண்டும்’ என்பது முதல் திரையிலேயே இருக்க வேண்டும். உங்கள் பழைய எண்ணை அழைப்பவர்களுக்கு, செயலியைப் பயன்படுத்துங்கள் என்று மட்டும் சொல்லாமல், தேடுபொறியில் கிடைக்கும் எண்களை நம்பாதீர்கள் என்ற எச்சரிக்கையை இன்றே அந்தப் பதிவுக்குரலில் சேருங்கள். இதற்கு ஒரு நாள் வேலைகூட இல்லை.

உங்கள் பெயரில் உலவும் போலி எண்களைத் தேடி நீக்கவைக்கும் பொறுப்பை ஒரு குழுவிடம் கொடுங்கள். பொதுமக்கள் அவற்றைத் தெரிவிக்க ஒரு முகவரி கொடுங்கள்.

‘வாங்கு’ பொத்தானுக்குப் பக்கத்தில் விற்பவரின் பெயரும் முகவரியும் அதே அளவு எழுத்தில் வரட்டும். ஒரு பக்கத்தின் பொருள் மாறினால் பழைய விமர்சனங்கள் அழியட்டும். நிமிடம் முடிந்தும் முடியாத கடிகாரங்களை எடுத்துவிடுங்கள். அட்டையைச் சேமிக்கும் கட்டத்தில் நீங்கள் இட்ட குறியையும் எடுங்கள். குறுஞ்செய்திகளில் உங்கள் ஒரே முகவரியை மட்டும் அனுப்புங்கள். அது எது என்பதை எல்லோருக்கும் அறிவியுங்கள். பூட்டுச் சின்னம் பற்றிய அறிவுரையைத் திருத்துங்கள்.

திருப்பித் தர முயன்றும் உங்கள் பெட்டியைத் தாண்ட முடியாமல் கெடு கடந்துபோனவர்களின் பட்டியல் உங்கள் கணினியில் இருக்கும். அவர்களுக்குக் கெடுவை நீட்டியுங்கள். என் அம்மாவின் கருவி இன்னும் மேசை மேல் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஐந்து வரியில் வந்த பதிலை அம்மா நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். அதன் கீழே யாருடைய பெயரும் இல்லை. இந்த மடலுக்கு 30 நாட்களுக்குள் பதில் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அம்மாவுக்கு எழுதுங்கள். உதவி எண்ணை எடுக்க முடிவு செய்தவர் யாரோ, அவர் தம் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தில் பதினொரு ஆண்டுகளாகப் பொருள் வாங்கும் ஒருவர்